பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம்

எங்கள் ஈஜோக் பக்கத்தில் ஒரு பெண் கொஞ்சம் இளைத்துவிட்டால், "சாப்பிட்டியாம்மா?" என்பதற்கு முன்னால் "இனிப்பு நீரா?" என்ற கேள்வி வந்துவிடும். கோயிலில் வரும், கல்யாணப் பந்தியில் வரும், பசார் மாலாமில் மீன் வாங்க நிற்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4. அதிக எடையிலும் உடல் பருமனிலும் நாம்தான் முதல் இடம், 63.9 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும் நோயை அடுத்த வீட்டுக்காரி என் உடம்பில் சந்தேகப்பட்டால் அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் இளைப்பைவிட அந்தக் கேள்வியை அதிகம் இழுத்து வருவது சட்டைதான். பத்து கிலோ குறைந்த ஒருத்தி பழைய பஞ்சாபி சூட்டையே போட்டுக்கொண்டு வந்தால், தோள் தையல் புஜத்துக்கு இறங்கியிருக்கும், கழுத்து அகன்று எலும்பு தெரியும், இடுப்பில் துணி கொசுவமாகத் திரண்டு நிற்கும். பார்த்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்றுதான் நினைப்பார். அதே ஆள், அதே பத்து கிலோ, உடம்புக்குச் சரியான சட்டை என்றால் "என்ன சாப்பிடுற, எங்களுக்கும் சொல்லேன்" என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அதனால்தான், "முழுசா இளைச்ச பிறகு மொத்தமா வாங்கிக்கலாம்" என்று ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதியை நான் ஏற்பதில்லை. அந்த "முழுசா" வர ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம். அதுவரை மனுஷி வேலைக்குப் போக வேண்டும், துக்க வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைப் பார்க்க வேண்டும்.

எடை குறைக்கும் கதை இந்தப் பத்திக்கு வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, உணவு ஆலோசகரைப் பார்த்து, 'சூக்கு சூக்கு செபாரோ' தட்டைக் கற்றுக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைந்தால் போதும் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வேகத்தில் போனால் இரண்டு மூன்று மாதத்தில் சிலுவார் இடுப்பில் நிற்காது என்பதையும், அடுத்த சிலுவாருக்கு எங்கே போவது என்பதையும் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. சம்பளம் குறைந்தபட்சக் கூலியான 1,700 வெள்ளியை ஒட்டி இருக்கிற வீட்டில், ஒரு வருஷத்துக்குள் மூன்று சைஸ் மாறும் உடம்பு ஒரு புதுச் செலவு. ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆணியும் சுத்தியலும் எடுத்து பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த தீபாவளி வரை ஓட்டிவிடுகிறார்கள்.

கடையில் போய் எடுக்கலாம் என்றால், ஹேங்கரைத் தொடுவதற்கு முன்பே "உங்க சைஸ் வராதுக்கா" என்று ஒரு பொண்ணு சொல்லிவிடும். பெயர் சொல்ல வேண்டாம், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் இதைக் கேட்காத பருத்த பெண் இருக்க மாட்டாள். வரும் சைஸும் சரியாக வருவதில்லை. காரணம் தைக்கிறவர்களுக்குத் தெரியும். கம்பெனிகள் நடுத்தர உடம்புக்கு ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கும். அடுத்தடுத்த சைஸுக்கு, நாலாபக்கமும் இத்தனை அங்குலம் என்று கூட்டிக்கொண்டே போகும். மார்பும் வயிறும் பெருத்தவளுக்குத் தோள் எலும்பு பெருப்பதில்லை, கழுத்தும் அந்த அளவுக்கு அகலாது. ஆகவே வயிற்றுக்குப் பொருந்தும் சட்டை தோளில் வழியும். தோளுக்குப் பொருந்துவது தொப்புளுக்கு மேல் பொத்தான் போட விடாது. கைக்குழி வேறு ஆழமாக இறங்கி, கையைத் தூக்கினால் சட்டை முழுக்கத் தூக்கும். குற்றம் உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு டிரையல் ரூமில் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். குற்றம் அந்த வெட்டில்.

பெரிய உடம்புக்கென்றே தனியாக வெட்டுப் போடுகிறவர்கள் இல்லாமலில்லை. 1997-இல் தொடங்கிய 'மிஸ் ரீட்' நம் நாட்டுப் பெயர்தான். வெட்டும் துணியும் நன்றாக இருக்கும். ஆனால் லாத்தார் நெடுஞ்சாலையில் டோல் கட்டி, கோலாலம்பூர் பேரங்காடியில் பார்க்கிங் கட்டி, இரண்டு மாதத்தில் தொளதொளக்கப் போகும் ஒரு சட்டைக்கு அந்த விலை கொடுக்க முடியாது. எடை ஒரு இடத்தில் நின்ற பிறகு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஷாப்பியில் சீனத்துச் சட்டைகள் மலிவு. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குக் கீழான பொருளுக்கும் பத்து விழுக்காடு வரி என்றான பிறகும் மலிவுதான். ஆனால் அவர்களின் மூன்று எக்ஸ்எல் நம் ஊர் எல்லுக்குச் சமமாக வந்து நிற்கும். சென்டிமீட்டர் அட்டவணையைப் படிக்காமல் எழுத்தைப் பார்த்து வாங்கினால் அது தங்கச்சிக்குத்தான் போகும்.

பண்டல் கடைக்கு வருகிறேன். பாதி வழியில் இருக்கும் உடம்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. ஜப்பானிலும் கொரியாவிலும் ஆட்கள் கழித்த துணி மூட்டைமூட்டையாகக் கப்பலேறி வருகிறது. பெரிய அளவில் நடத்தும் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' 2016-இல் இங்கே கடை திறந்தது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் பெயர்ப்பலகைகூட இல்லாத கடைகளும் உண்டு, சந்தையில் தார்ப்பாய் விரித்து மலைபோலக் குவித்து விற்பவர்களும் உண்டு. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளிக்கு நல்ல பருத்திச் சட்டை அகப்படும். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்: ஜப்பான்காரர் லேபிளில் எல்எல் என்றிருந்தால் அது அவர்களின் எக்ஸ்எல், பெண்கள் உடையில் அந்தச் சைஸுக்கு மார்புச் சுற்றளவு 93 முதல் 101 சென்டிமீட்டர். நம் உடம்புக்கு மூன்று எல்லும் ஐந்து எல்லும் தேட வேண்டியிருக்கும், அவையும் வருகின்றன. ஆண்கள் பக்கம் போய்ப் பார்க்க வெட்கப்படாதீர்கள். லினன் சட்டைகள் அங்கேதான் கிடக்கும்.

டிக்டாக்கில் பண்டல் விற்கும் மலாய்ப் பெண்கள் லேபிளையே காட்டுவதில்லை. சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் பிடித்து "பிட் 22", தோளிலிருந்து கீழே வரை பிடித்து "லாபோ 28" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். 22-ஐ இரட்டித்தால் 44 அங்குலச் சுற்று. கையில் டேப் இருந்தால், நம்முடைய மார்புச் சுற்றுக்கு மேல் நாலு அங்குலம் விட்டு வாங்கலாம். எனக்குத் தெரிந்து பெரிய உடம்பை மரியாதையாக நடத்தும் ஒரே வியாபாரம் இது. எண்ணைச் சொல்கிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

வீட்டில் எதிர்ப்பு வரும். "யார் போட்டதோ, செத்தவங்க சட்டையா இருந்தா என்ன பண்ணுவ?" என்று என் அம்மா வாசலிலேயே நிறுத்தினார். கொதிநீரில் ஊறவைத்து, மஞ்சள் போட்டு, இரண்டு வெயில் காயவைத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். தோட்டத்தில் ரப்பர் வெட்டிய காலத்தில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைக் கைலிக்கு மேலே போட்டுக்கொண்டு விடியற்காலையில் போனவர் அவர்தான். அப்போது அந்தச் சட்டை யாருடைய சைஸ் என்று யாரும் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது உங்கப்பா சட்டை லா" என்றார். அதற்குமேல் வாதம் செய்ய முடியுமா?

அம்மாவின் அலமாரியைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான் வருகிறது. பெண்ணாகி, மூன்று பெற்று, பெருத்து, நோயில் இளைத்து, மறுபடி தேறிய உடம்புக்கு அதே சேலைகள். ஐந்தரை மீட்டருக்கு இடுப்பளவு கிடையாது. நாலு கொசுவம் கூடும், குறையும், அவ்வளவுதான். உள்பாவாடைக்கு நாடா, பஞ்சாபி சூட்டின் சிலுவாருக்கும் நாடா. அளவு பேசுவது ஜாக்கெட் ஒன்றுதான். அதற்கும் பழைய தையல்காரர்கள் வழி வைத்திருந்தார்கள். அம்மாவின் ஜாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் மூன்று வரிசைத் தையல் இருக்கும். அதற்கு அப்பால் ஒன்றரை அங்குலத் துணி சும்மா மடிந்து கிடக்கும். பெருத்தால் உள்ளே உள்ள ஒரு வரிசையைப் பிரி, இளைத்தால் இன்னொரு வரிசை போடு. இப்போது ரெடிமேடாக வாங்கும் சட்டையைப் புரட்டுங்கள். ஓவர்லாக் ஓடிய இடத்தில் அரை அங்குலம்கூட மிஞ்சாது. கம்பெனிக்காரன் துணியை மிச்சம் பிடித்து லாபம் பார்க்கிறான். உடம்பு மாறும் என்று அவன் நினைக்கவே இல்லை.

ஆகவே தையல்கார அக்காவிடம்தான் என் கதை முடிகிறது. பத்தாங் பெர்ஜுந்தையில், பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கும் ஊரில், வீட்டு முன்கூடத்தில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார். சட்டையைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்ப்பது தோளை. தோள் சரியாக இருந்தால் பக்கத் தையலைப் பிடித்து இரண்டு சைஸ் வரை குறைத்துவிடலாம், பத்துப் பன்னிரண்டு வெள்ளியில் முடிந்துவிடும். தோள் இறங்கியிருந்தால் கையைப் பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும், காசும் கூடும், நாளும் ஆகும். "இதுக்குச் செலவு பண்ணாதம்மா, பண்டல்ல வேற எடுத்துக்க" என்று அவரே திருப்பித் தந்துவிடுவார். அதனால் பண்டலில் எடுக்கும்போதே தோளுக்குச் சரியானதை எடுத்து, பக்கத்தில் அதிகமிருந்தால் கவலைப்படாமல் வந்துவிடுவேன். முன்பக்கம் தொளதொளத்தால் இரண்டு டாட் பிடித்துக் கொடுப்பார்.

அவரிடம் ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்: "வெட்டாதீங்கக்கா, மடிச்சு வச்சே தையுங்க." இளைத்த எடை திரும்பி வருவது ஊரில் பார்க்காத காட்சி இல்லை. துணி உள்ளேயே இருந்தால், வந்த நாளில் ஒரு பிளேடும் அரை மணி நேரமும் போதும். "நீ மறுபடியும் பெருக்கப் போறியா?" என்று அவர் கேட்பார், கேட்டுக்கொண்டே மடித்துத் தைப்பார். பாஜு கூரோங் தைப்பதானால் துணிக்கடையில் அரை மீட்டர் கூடுதலாக எடுத்து வரச் சொல்லுவார், 45 அங்குல அகலத் துணியில் பெரிய உடம்புக்கு நாலு மீட்டர் இழுத்துப் பிடிக்கும் என்பார்.

தையல்காரரால் ஆகாத ஒன்று உள்பாடி. அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இளைக்கும்போது முதலில் தளர்வது பட்டிதான், தளர்ந்த பட்டியோடு என்ன சட்டை போட்டாலும் தொங்கலாகவே தெரியும். வாங்கும்போது கடைசிக் கொக்கியில் சரியாக இருப்பதை வாங்குங்கள். இளைக்க இளைக்க உள்கொக்கிகளுக்கு மாற்றிக்கொண்டு சில மாதங்கள் ஓட்டலாம்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் தீபாவளி. பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அக்கா ஆல்டர் வேலை வாங்குவதை நிறுத்திவிடுவார், புதுத் துணி தைக்கவே அவருக்கு ராத்திரி போதாது. பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுப் பாருங்கள். தோள் சரியானவற்றை ஒரு பையில் கட்டுங்கள், இறங்கியவற்றை உங்களைவிடப் பெரிய உடம்புள்ள ஒருத்திக்குக் கொடுங்கள். அவளும் கடைகடையாக அலைந்துகொண்டுதான் இருப்பாள். பையை இந்த மாதமே அக்காவிடம் சேர்த்துவிடுங்கள், பின்னைக் குத்தி அளவு குறிக்க நீங்களும் கூடவே போக வேண்டும், பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டார்.