கோப்பின் நேரம் சான்றாகாது

கள ஆய்வு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிய உரைக்கோப்புகளைச் சென்ற மாதம் கிட் களஞ்சியத்திலிருந்து புதிய கணினியில் இறக்கினேன். ஈராண்டு உழைப்பு முழுவதும் ஒரே நிமிடத்தில் நிகழ்ந்ததாகக் கணினி காட்டியது. ஒரே பதிவுக்கு எழுதிய இரு வடிவங்களுள் முந்தியது எது, திருத்தியது எது என்பதைக் கோப்பின் நேரத்தைக் கொண்டே அறிந்து வந்தவன் நான்.

பிழை கிட்டினுடையது அன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய அக்கருவி கோப்பின் உள்ளடக்கத்தைக் காக்கிறது. திருத்திய நேரத்தைக் காப்பதில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மேக் போன்ற கருவிகள் நேரங்களை ஒப்பிட்டே எதை மீண்டும் தொகுப்பது என்று தீர்மானிக்கின்றன. கிளை மாறும்போது பழைய நேரமும் திரும்பி வந்தால், மாறிய கோப்பை மேக் கவனியாது விட்டுவிடும்.

நேரத்தை மீட்டுத்தரும் நிரல்கள் உள்ளன. ஆனால் அவை கமிட் வரலாற்றிலிருந்து எடுத்துத் தருவது கமிட் செய்த நேரமே. எழுதிய நேரம் அன்று. நானோ அனைத்தையும் ஒரே கமிட்டில் சேர்த்திருந்தேன்.

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் பலர், முடித்த நாளை ஏட்டின் இறுதியிலேயே குறித்தனர். ஏடு சென்ற இடமெல்லாம் நாளும் சென்றது. ஆய்வுத் தரவுக்கும் அதுவே முறை. பதிவு செய்த நாள், எழுதிய நாள், திருத்திய நாள் ஆகிய மூன்றும் கோப்பினுள்ளேயே எழுதப்பட வேண்டும்.