ஓடுகிற படத்துக்கு கத்திரி எதுக்கு?

வெள்ளிக்கிழமை ரிலீஸ். அடுத்த சில நாளில் வெட்டு!

கோடம்பாக்கத்தில் பெரிய படங்களுக்கே இது நடக்கிறது. 2024-ல் மட்டும் 'இந்தியன் 2', 'மெய்யழகன்' இரண்டும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்திரிக்குப் போயின.

'இந்தியன் 2' மூன்று மணி நேரப் படம். சுமார் 12 நிமிடத்தை எடுத்தார்கள். படம் தேறியதா? இல்லை. கோளாறு கதையில். கத்திரி போட்டது நீளத்துக்கு! 1996-ல் வந்த முதல் 'இந்தியன்' மட்டும் என்ன குட்டிப் படமா? அதுவும் மூணு மணி நேரம்தான். ஜனங்க சீட்டை விட்டு அசையலையே!

18 நிமிடம்

'மெய்யழகன்' விஷயம்தான் மனசுக்குக் கஷ்டம். ஊரை விட்டுப் போன அரவிந்த்சாமி, ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். "அத்தான், அத்தான்" என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார். யார் என்று அவருக்குப் பேர்கூட ஞாபகம் இல்லை. ராத்திரி பூரா இரண்டு பேரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம்!

பேச்சே படமாக இருக்கும்போது 18 நிமிடத்தை வெட்டினால் எப்படி? சில இடம் இழுவைதான், நானும் நெளிந்தேன். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். பேச்சு அப்படித்தான் இழுக்கும்!

நாகேஷ் கதை

1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்வாரே, அந்தக் காட்சிக்கும் படத்தின் காதலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. இந்தக் காலத்து ஆளிடம் கொடுத்தால் முதல் வெட்டு அங்கேதான். 60 வருஷம் கழித்தும் ஜனங்க அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்வது எதை? அதைத்தான்!

அதே 1964-ல் வந்த 'கர்ணன்' மூன்று மணி நேரம். 2012-ல் மெருகேற்றித் திரும்ப வந்தபோதும் கூட்டம் அலைமோதியது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

நீளமாக எடுத்தால்தான் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போவார். சுட்டது யார் என்று கடைசிவரை இழுத்துப் பிடித்திருப்பார் எஸ்.பாலசந்தர். வெட்டுகிற வேலையை எழுதும்போதே முடித்துவிட்டார்கள்! 2024-ல் வந்த விஜய் சேதுபதியின் 'மகாராஜா'வும் அந்த ரகம். பத்து நிமிடத்தை உருவினால் கதை புரியாது. 'லப்பர் பந்து' - சபாஷ், ஒரு ஓவர்கூட வீண் இல்லை.

அந்தக் காலத்திலும் வெட்டு உண்டு. இரண்டாவது ஆட்டம் சீக்கிரம் முடிய, ஆபரேட்டர் பாட்டை முழுங்கிவிடுவார். விசில் பறக்கும், "பாட்டைப் போடுய்யா" என்று சத்தம் போடுவார்கள். அது ஆபரேட்டர் செய்த திருட்டு. இப்போது படம் எடுத்தவங்களே செய்றாங்க!

முதல் நாள் டிக்கெட் வாங்கியவர் ஒரு படம் பார்க்கிறார். அடுத்த வாரம் போனவர் வேறு படம் பார்க்கிறார். இதற்கு ஒரே வழிதான் உண்டு. வெட்டுவதானால் ரிலீசுக்கு முன்னாலேயே வெட்டட்டும். பிறகுதான் வெட்டுவோம் என்றால், எத்தனை நிமிடம் போச்சு என்பதை டிக்கெட் கவுண்டரில் கொட்டை எழுத்தில் ஒட்டட்டும்!