வயது மட்டும் போதாது

பழைய தேயிலை என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: கொட்டிவிட வேண்டியது. டின்னின் அடியில் தங்கிப்போன தூளைக் கண்டால் உம்மா அதை ரோசாச் செடிக்குப் போட்டுவிடுவார். ஆகவே, கோலாலம்பூரில் தொழில் செய்யும் மாமா பெருநாளைக்கு வந்தபோது, காகிதத்தில் சுற்றிய கறுத்த கட்டியொன்றை மேசையில் வைத்து, “இது இருபது வருசத்துக்கு மேற்பட்ட தேயிலை” என்று பெருமையாகச் சொன்னதும் உம்மாவின் முகம் மாறிவிட்டது.

“என்ன தம்பி, காலாவதியானதையா காசு குடுத்து வாங்கினீங்க?”

“குடிச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்க ராத்தா” என்றார் மாமா.

அன்று குடித்ததிலிருந்து எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. முதிர்ந்த பச்சைப் பூ-எர் தேநீரின் அருமை அதன் வயதில் மட்டும் இல்லை. தொடக்கத்திலேயே அதற்குள் இருந்த வலிமையிலும், அதைப் பாதுகாத்தவரின் கவனத்திலும் இருக்கிறது. வயதை மட்டும் பார்த்து மயங்குகிறவர்களும், வயதைக் கண்டதுமே ஒதுக்குகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

பூ-எர் தேயிலை சீனாவின் தென்மேற்கே உள்ள யுன்னான் மாகாணத்துக்குரியது. அந்த மாகாணத்தின் பெரிய இலைத் தேயிலையை வெயிலில் உலர்த்திச் செய்ததற்கே இப்பெயர் உரியது என்று சீனாவின் 2008ஆம் ஆண்டுத் தேசியத் தரநிர்ணயம் கூறுகிறது. அங்குள்ள ஜிங்மாய் மலையின் பழைய தேயிலைக் காடுகளை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

யுன்னான் நமக்கு அடியோடு அந்நியமான இடமுமல்ல. கொழும்பு நூதனசாலையில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறித்த காலிக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அக்கல்லைக் கொண்டுவந்த கடற்படைத் தளபதி செங் ஹே, யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் யுன்னானின் ஹுய் முஸ்லிம் வணிகர்கள் கோவேறு கழுதைகளில் பொதியேற்றி மலைப்பாதைகளால் பர்மாவரை சென்று வந்தார்கள். அப்பொதிகளில் தேயிலையும் இருந்தது.

இத்தேயிலையில் இரண்டு வகை. சீனத்தில் ஒன்றை ஷெங் என்றும் மற்றதை ஷூ என்றும் சொல்வார்கள். பச்சை, வெந்தது என்று பொருள். நம் பச்சையரிசி, புழுங்கலரிசி போல என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. கடையில் நாம் காணும் கிரீன் டீ வேறு, இது வேறு.

நம் மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, சில மணி நேரம் காற்றுப்படப் பரப்பி வைப்பார்கள். இலை செம்பு நிறமானதும் சூடேற்றி உலர்த்திவிடுவார்கள். அத்தோடு அதன் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒன்றிரண்டு வருடங்களுக்குள் குடித்தால்தான் நல்ல மணம். உம்மா டின்னின் அடித்தூளைக் கொட்டுவதில் நியாயம் இருக்கிறது.

பச்சைப் பூ-எர் அப்படியல்ல. பறித்த இலையை இரும்புத் தாச்சியில் அளவான சூட்டில் வறுத்து, உருட்டி, வெயிலில் காயவைப்பார்கள். அதிக சூடு காட்டாததால் இலையின் இயக்கம் முழுவதும் நின்றுவிடுவதில்லை. பிறகு ஆவியில் இளக்கி, வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றுவார்கள். வழக்கமான வட்டு ஒன்று 357 கிராம். ஏழு வட்டுகளை அடுக்கி மூங்கில் மடலில் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அந்தக் கட்டுக்குள் காற்று, ஈரப்பதம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வேலை செய்கின்றன.

இங்கேதான் உம்மா இரண்டாவது கேள்வியைக் கேட்டார். “நொதிக்க வெச்சதுண்டு சொல்றீங்க, இதக் குடிக்கலாமா?” நியாயமான கேள்வி. நம் கறுப்புத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இலையைப் பரப்பி வைக்கும் கட்டத்தை நொதித்தல் என்றே சொல்வார்கள். பெயர்தான் அப்படி. மதுபானம் செய்வதுபோல் சீனியை மதுவாக்கும் வேலை இதில் இல்லை. காய்ந்த இலை காய்ந்த இலையாகவே இருந்து முதிர்கிறது. இதை விளங்கப்படுத்தியதும் உம்மா கோப்பையைக் கையில் எடுத்தார்.

மாமா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டே வயதான இன்னொரு வட்டும் கொண்டுவந்திருந்தார். முதலில் அதைத்தான் ஊற்றினார். வெளிறிய மஞ்சள் நிறம். வாயில் வைத்ததும் பாவற்காய் போல ஒரு கசப்பு, நாக்கைச் சுருட்டிப் பிடிக்கும் துவர்ப்பு. சீனி போட்டுக் கடும் சாயத்தேத்தண்ணி குடித்துப் பழகிய எனக்கு அது தண்டனையாக இருந்தது. ஆனால் விழுங்கிச் சற்று நேரத்தில் தொண்டையிலிருந்து ஓர் இனிமை மேலேறி வந்தது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதேபோல. சீனர்கள் இதை ஹுய்கான், திரும்பி வரும் இனிமை, என்பார்கள்.

அடுத்து முதிர்ந்தது. சிறிய கேத்தலில் ஒரு சிட்டிகைக்குச் சற்றுக் கூடுதலான இலை, கொதிக்கும் தண்ணீர். முதல் ஊற்றைக் கழுவிக் கொட்டிவிட்டார். இரண்டாவது ஊற்று சில விநாடிகளிலேயே தேன் கலந்த செந்நிறத்தில், அடி தெரியும் தெளிவோடு இறங்கியது. கசப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வாய்க்குள் கஞ்சித் தெளிவுபோல வழுவழுப்பு. முதலில் பழைய மரப்பெட்டியைத் திறந்த மணம். அடுத்த கோப்பையில் இலேசான கற்பூரக் குளிர்ச்சி. அதன் பின் பேரீச்சம்பழத்தை நினைவூட்டும் இனிமை. அதே இலைக்கு பத்துத் தடவைக்கு மேல் தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொரு கோப்பையும் முந்தியதிலிருந்து கொஞ்சம் விலகியே இருந்தது. சீனியும் பாலும் தேவைப்படவில்லை. உம்மா ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது கோப்பையை நீட்டினார். அதுவே அவரது தீர்ப்பு.

இளையதில் இருந்த வலிமைதான் முதிர்ந்ததில் இனிமையாகிறது. இளமையில் காரசாரமில்லாத, தண்ணீர்போல் சப்பென்றிருக்கும் இலை வருடங்கள் போனால் மேலும் சப்பென்றுதான் ஆகும் என்பது இத்தேநீரைப் பழகியவர்களின் பொதுவான அனுபவம். மாறுவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா?

காத்திருக்க முடியாதவர்கள் குறுக்கு வழியும் கண்டார்கள். 1970களின் முற்பகுதியில் யுன்னானின் குன்மிங், மெங்ஹாய் தேயிலைத் தொழிற்சாலைகளில், இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்து, ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் கறுத்துக் கனியச் செய்யும் முறை உருவானது. அதுவே ஷூ. அதை நான் குறைசொல்லமாட்டேன். மலிவானது, மிருதுவானது, பலருக்கும் எட்டுவது. ஆனால் மண்வாசமும் கடும் நிறமும் வந்ததே தவிர, கோப்பைக்குக் கோப்பை மாறும் அந்த நுட்பம் நான் குடித்த ஷூவில் இல்லை.

இன்னொரு குறுக்கு வழி வியாபாரத்தில் நடந்தது. பழையதுக்கு விலை உண்டென்று தெரிந்ததும், குடிப்பதற்கல்லாமல் விற்பதற்கென்றே பூ-எர் வாங்கிக் குவித்தார்கள். விலை கிடுகிடுவென்று ஏறி 2007இல் விழுந்தது. பலர் நட்டப்பட்டார்கள். இன்றும் பொய்யான வருடம் அச்சிட்ட உறைகளில் போலிகள் விற்பனையாகின்றன. உறையில் உள்ள வருடத்தை நாக்கு வாசிக்காது. மெலியச் செய்யும், நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரங்களையும் நம்பி வாங்காதீர்கள். இது தேநீர், மருந்தல்ல. சோதனைக்கு முந்திய இரவில் குடித்தால் தூக்கமும் போகும்.

உண்மையாகவே பழையதாக இருந்தாலும் போதாது என்பதற்கு நானே சாட்சி. மாமா விட்டுச்சென்ற அந்த இளைய வட்டை “நானும் முதிரவைக்கிறேன்” என்று வீரமாக வாங்கி, குசினி அலுமாரியில் வைத்தேன். பக்கத்தில் மாசிப் போத்தல், கறுவா, கராம்பு. மூன்று மாதம் கழித்து எடுத்து ஊற்றினால், கோப்பையில் வந்தது மாசிச் சம்பல் மணம்! தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். மிகவும் உலர்ந்தால் முதிர்ச்சி நின்றுவிடும். இருபது வருடம் ஒரு வட்டைக் காப்பாற்றுவதென்றால், வேறு மணம் அண்டாத, வெயில் படாத, காற்று மட்டும் அளவாக வந்துபோகும் இடத்தில் வைத்து, இடைக்கிடை எடுத்துப் பார்த்து, மறுபடி சும்மா விடவேண்டும். சும்மா விடுவதுதான் கஷ்டம்.

இந்தத் தேநீரை வாங்குங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நல்லதற்கு விலை அதிகம். நம் நாட்டுத் தேயிலைக்கு நானே முதல் விசிறி. எங்காவது ஒரு கோப்பை கிடைத்தால் சீனி கேட்காமல், அவசரப்படாமல் குடித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதை வாசிக்கும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. இரண்டு வயது வட்டைக் குடித்துவிட்டு “இது கசக்கிறது, உதவாது” என்று யாரும் எறிந்திருந்தால் இருபது வயது வட்டு இருந்திருக்காது. எங்கள் பிள்ளைப் பருவத்தின் துடுக்கையும் அப்படி உடனே தீர்ப்பிடாதீர்கள். தோழியரே, நாமும் ஒன்றை மறக்கவேண்டாம். வயது ஏறினாலே கனிந்துவிடுவோம் என்பதில்லை. எந்த அலுமாரியில், எதன் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மாமாவுக்கு மாசி விசயம் இன்னும் தெரியாது. அடுத்த பெருநாளைக்கு வரும்போது இன்னொரு வட்டு கேட்க இருக்கிறேன். இம்முறை அதை என் புத்தக அலுமாரியில் வைப்பதென்று முடிவு.