குட்டையாக இருந்தால் அசலா?

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அந்தக் காட்டுப் போரில் ராணுவத்தினர் தோளில் தொங்கியது லீ-என்ஃபீல்டு நம்பர் 5, ‘ஜங்கிள் கார்பைன்’.

பின்னாளில் அமெரிக்க வியாபாரிகள் நீளமான நம்பர் 4 துப்பாக்கியை வேட்டைக்காரர்களுக்காக வெட்டிக் குட்டையாக்கி, அதே பெயரில் விற்றார்கள். மரக்கட்டையைக் கழற்றினால் குட்டு வெளிப்படும். அசலில் குழலின் அடிப்பகுதியில் எடை குறைக்கக் குடைந்த பள்ளங்கள் இருக்கும், வெட்டியதில் இருக்காது. அசலின் பின்கட்டையில் ரப்பர் திண்டும் உண்டு (நம் ஊர்ப் பாலோ என்னவோ!), இன்று கல்லாய் இறுகியிருக்கும்.

பழுதுபார்க்கிறேன் என்று மணல்தாள் போட்டால் முத்திரைகள் அழிந்துவிடும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். அதுவும் உரிமம் உள்ளவர்களுக்கே. பழைய லயத்து வீட்டைப் பிரிக்கையில் அகப்பட்டால், தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். ‘தாத்தாவுடையது’ என்ற பதில் 1960 ஆயுதச் சட்டத்திடம் எடுபடாது.