அது டிரெயில் இல்லை, வரப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் ஓட்டியிருக்கிறேன். செம ஜாலியாக இருந்தது. ஜாலியே கூடாது என்று பாடம் எடுக்க நான் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டீம் அவுட்டிங் என்று ஈசிஆர் வழியாகக் குயிலாப்பாளையம் போனோம். பதினான்கு பேர். எல்லாம் ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டிடத்திலிருந்து தப்பித்து வந்த முகங்கள். ஊருக்குள் காபி, குரோசான்ட். பிறகு ஹெல்மெட், ஐந்து நிமிஷ விளக்கம், வரிசையாக ஏடிவி வண்டிகள். கூட்டிக்கொண்டு போன தம்பிக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். "அண்ணா, என் பின்னாடியே வாங்க. வளைவுல மட்டும் பாத்து. மத்தபடி கட்டைவிரலால நல்லா அமுக்குங்க."

முந்திரித் தோப்பு ஓரம், ஒரு பனை வரிசை, இரண்டு ஆள் ஆழத்துக்குச் செம்மண் பள்ளம். அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு மேடு. "இது நம்ம ஜம்ப் பாயின்ட்ணா" என்றான். மூன்று ரவுண்டு வந்தோம், மூன்று தடவையும் தாவினேன். பின்னால் வந்த நண்பன் முதல் தாவலையும் மூன்றாவது தாவலையும் வீடியோ எடுத்தான்.

அதைத் திண்டிவனத்தில் பெரியம்மாவிடம் காட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் இருந்தது அந்தப் பக்கம்தான். எழுபதுகளின் கடைசியில் ஆரோவிலில் மண் வேலைக்குப் போனவர். போனை வாங்கித் தள்ளிப் பிடித்து இரண்டு முறை பார்த்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னாடா இது, வரப்பு மேல ஏத்தி வெச்சிருக்க?" என்றார்.

"வரப்பு இல்ல பெரிம்மா, அது டிரெயில்."

"வரப்புதான். தண்ணி நிக்கறதுக்குப் போட்டது. அந்த மாதிரி எத்தினி போட்டிருப்போம், எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு ஒருநாள் தனியாகப் போய், வண்டியில்லாமல், நடந்து பார்த்தேன். பெரியம்மா சொன்னது சரி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். 'ஆளில்லாத காட்டுப் பாதையில் வழிகாட்டியோடு குழுச் சவாரி' என்று விற்கிறார்கள். இதில் மூன்று பொய்கள் இருக்கின்றன. அங்கே ஆள் உண்டு. அது பாதை கிடையாது. வழிகாட்டி என்பவருக்கு வழியைத் தீர்மானிக்கும் அதிகாரம் துளியும் இல்லை.

முதலில் 'ஆளில்லாத'.

குயிலாப்பாளையத்தைச் சுற்றியிருக்கும் மேட்டு நிலம் ஒரு காலத்தில் காடு. பாலை, வீரை, காசான், கருங்காலி என்று குட்டையான, கெட்டியான, கோடையிலும் இலை உதிர்க்காத மரங்கள். மரத்துக்கும் விறகுக்கும் விவசாயத்துக்கும் வெட்டி, மிச்சத்தை மேய்ச்சலுக்கு விட்டு, கடைசியில் பொட்டலாகிப் போனது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஓர் ஆலமரம், சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மண்.

நம் பக்கம் வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும். மரமில்லாத சரிவில் அந்த மழை விழுந்தால் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு கிழக்கே கடலுக்குத்தான் ஓடும். கடல் அங்கே கூப்பிடு தூரம். நாம் இன்ஸ்டாவில் 'ரெட் கேன்யன்' என்று போடும் பள்ளங்கள் அப்படி உண்டானவை. அந்தச் சிவப்புச் சுவர்களுக்கு முன்னால் நின்று போஸ் கொடுக்கிறோமே, அது இந்த நிலத்தின் காயம். ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் கிழிந்துகொண்டிருக்கும் காயம்.

அதை நிறுத்தத்தான் வரப்பு. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், வளைந்து வளைந்து போகும் மண்கரை. மழை அங்கே நின்று, மண்ணுக்குள் இறங்கும். அப்புறம்தான் குழி, செடி, ஆடு கடிக்காமல் முள்வேலி, மாட்டு வண்டியில் தண்ணீர். விதைக்கு எங்கே போவது? கோயில்காடுகளுக்கு. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் அந்தப் பழைய மரங்கள் அப்படியே நின்றன. ஐயனாருக்குப் பயந்து யாரும் கை வைக்காததால் தப்பியவை. இன்றைக்குக் குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாண்டிக்குளம் காடு 1973-இல் தொடங்கியது. இந்தக் கதையில் வெள்ளைக்காரர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. குயிலாப்பாளையம், இடையன்சாவடி, ஆலங்குப்பம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வந்து தினக்கூலிக்கு மண் சுமந்தவர்களின் பெயர்கள் எந்த அட்டையிலும் இல்லை. வரப்புதான் அவர்கள் போட்ட கையெழுத்து.

அப்புறம் யாருக்கு அது ஆளில்லாத இடம்? ஆடு ஓட்டிப் போகிறவருக்கு இல்லை. முந்திரி பொறுக்குகிறவருக்கு இல்லை. தோப்பு வழியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இல்லை. பத்து இன்ஜின் சத்தம் கேட்டதும் இவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். நம் வீடியோவில் அவர்கள் வருவதில்லை. வந்தாலும் எடிட்டில் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது, 'பாதை'. இதில் கொஞ்சம் இன்ஜினியரிங் பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏடிவியின் டயர் கொழுத்தது, காற்றழுத்தம் மிகக் குறைவு. கார் டயரில் முப்பது பிஎஸ்ஐ அளவுக்கு அடிப்போம், இதில் ஐந்து, ஆறுதான். அதனால் மண்ணை நோகடிக்காது என்று சொல்கிறார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்வரை அது உண்மை. ஓடும்போது கதை வேறு. இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டிருக்கும். காரில் இருக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஏதாவது ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். வழுக்கும் சக்கரம் மண்ணைக் கிழித்துப் பின்னால் எறியும். ஆக, எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் மண் கிழியும். வண்டியின் வடிவமைப்பே அப்படி.

இதைக் குழுவால் பெருக்குங்கள். முதல் வண்டி புல்லை மடக்குகிறது. நான்காவது வண்டி தடம் போடுகிறது. ஏழாவது வண்டிக்காரருக்கு முன்னால் ஒரே புழுதி, அதனால் அவர் தடத்தை விட்டுப் பக்கத்தில் ஒதுங்கி ஓட்டுகிறார். மறுவாரம் அதுவும் தடம். இப்படியே ஒற்றையடிப் பாதை லாரி போகிற அகலத்துக்கு விரிகிறது. சரிவில் இறங்கும் தடம், மழைக்காலத்தில் வாய்க்கால். தண்ணீர் ஒரே கோட்டில் சேர்ந்தால் வேகம் எடுக்கும், வேகம் கூடினால் மண்ணை அள்ளும் பலம் பலமடங்கு கூடும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் இன்னொரு 'கேன்யன்' ரெடி.

வரப்பு விஷயம் இன்னும் மோசம். நம் பாஷையில் சொன்னால் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். இருநூறு அடி வரப்பில் ஓர் இடத்தில் அரை அடி தாழ்ந்தால் போதும். அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த ஒரே வாயைத் தேடி வரும். கீழே இருக்கும் அடுத்த வரப்பு இந்தக் கூடுதல் தண்ணீருக்காகப் போட்டதில்லை, அதுவும் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் மயிலத்தில் ஏறக்குறைய ஐம்பது சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் அந்த அரை அடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நம் ஜம்ப் பாயின்ட் என்பது அந்த அரை அடி.

மூன்றாவது, 'வழிகாட்டி'.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒருவேளை அவன் பாட்டியும் என் பெரியம்மாவும் ஒரே வரப்பில் மண் கொட்டியிருக்கலாம். ஆனால் தடம் எது என்று அவன் முடிவு செய்வதில்லை. அடுத்த பேட்ச் பதினோரு மணிக்கு, அதற்குள் இந்த பேட்ச் திரும்ப வேண்டும், ஐந்து நட்சத்திரம் வாங்க வேண்டும். "அண்ணா, இதுல ஏறாதீங்க, வரப்பு" என்று அவன் சொன்னால், "என்ன ப்ரோ, இதுக்கா காசு குடுத்தோம்?" என்று நாம் கேட்போம். கேட்டிருக்கிறோம். வழி காட்டுகிறவன் அவன் இல்லை, நம் பர்ஸ்.

சட்டம்? 1988 மோட்டார் வாகனச் சட்டம், ஆலை மாதிரி அடைப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி செய்த தனிவகை வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஒரு வேலி போட்ட திடலுக்குள் சுற்றும் ஏடிவிக்கு அது பொருந்தலாம். ஆனால் தோப்புக்கும் புறம்போக்குக்கும் நடுவே, எல்லை தெரியாத நிலத்தில் வரிசையாகப் போகும் பத்து வண்டி எந்த வளாகத்துக்குள் இருக்கிறது?

நாம் காப்பியடித்தது அமெரிக்காவின் விளையாட்டை. அதன் விதிகளைக் காப்பியடிக்கவில்லை. அங்கே 1972-இலேயே அதிபர் நிக்சன் ஓர் ஆணை போட்டார். கூட்டாட்சி அரசின் நிலங்களில் இந்த வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று அதிகாரிகள் முன்கூட்டியே குறிக்க வேண்டும். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் செடிகொடிகளுக்கும் சேதம் குறைவாக இருக்கும்படி தடம் அமைய வேண்டும். அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்தார்கள் என்பது பெரிய சண்டை. ஆனால் 'டிரெயில்' என்ற சொல்லுக்கு அங்கே ஒரு வரைபடமாவது இருக்கிறது. நமக்குச் சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

இனி என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"ஊர்ப் பசங்க பிழைப்பில் மண்ணைப் போடாதே." நியாயமான கேள்வி. விவசாயம் கைவிட்ட வீட்டில் வார இறுதி வருமானம் சாதாரண விஷயம் இல்லை, ஐடி சம்பளம் வாங்கிக்கொண்டு அதை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். தண்ணீர் நின்று கிணற்றுக்குப் போக வேண்டிய இடத்தில் மண் கரைந்து கடலுக்குப் போனால், அந்தச் செலவு அதே பசங்களின் வீட்டுக்குத்தான் வரும். அன்றைக்கு நாம் வேறு ஊரில் வேறு 'எக்ஸ்பீரியன்ஸ்' தேடிக்கொண்டிருப்போம்.

"ஆரோவில்லே ஜேசிபி விட்டு மரம் சாய்த்ததே, அதைக் கேட்டாயா?" 2021 டிசம்பரில் கிரவுன் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டது உண்மை. அது பசுமைத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு உங்களுக்குப் பிடித்ததோ இல்லையோ, பெரிய இயந்திரத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு கோப்பு இருக்கிறது, எதிர்த்துப் பேச ஒரு வாசல் இருக்கிறது. சின்ன இயந்திரத்துக்கு எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை நடக்கிறது, ஞாயிறு சாயங்காலம் ஸ்டோரியாகிறது, திங்கள்கிழமை மறைந்துவிடுகிறது.

"வெள்ளைக்காரன் நட்ட காட்டுக்கு நீ ஏன் வாட்ச்மேன்?" இதற்கான பதிலை என் பெரியம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார். நட்டது யார் என்று அவருக்குத் தெரியும்.

தடை போடு என்று நான் கேட்கவில்லை. ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு சமதளத்தில், வரப்பில்லாத, வேலி போட்ட ஒரு திடல் போதும். வட்டமடியுங்கள், மண்மேடு போட்டுத் தாவுங்கள், யார் வேண்டாம் என்றது? தோப்புக்குள்ளும் சரிவிலும்தான் போக வேண்டும் என்றால், அந்தத் தடத்தை வரைபடத்தில் வரைந்து கிராம சபையில் வையுங்கள். வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. அந்த மேட்டில் எது வரப்பு, எது ஓடை என்று சொல்ல அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்குத் தெரியும். ஈரமண்ணில் சவாரி வேண்டாம், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கடையைச் சாத்துங்கள். டிக்கெட் காசில் ஒரு பங்கு வரப்பு பழுதுக்குப் போகட்டும், அந்த வேலை அதே பசங்களுக்குச் சம்பளத்தோடு கிடைக்கட்டும். 'வேண்டாம், இதில் ஏறாதீர்கள்' என்று சொல்லும் அதிகாரத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். அப்போது அவர்களை வழிகாட்டி என்று கூப்பிடலாம்.

நமக்கு, அதாவது புக்கிங் பட்டனை அழுத்தும் நமக்கு, ஒரே ஒரு வேலை. அழுத்துவதற்கு முன்னால் கேளுங்கள்: "மழை பெய்தால் இந்தத் தடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" பதில் தெரிந்தவர்களோடு போங்கள். "தெரியலையே சார்" என்றால் திரும்பிவிடுங்கள்.

அந்த வீடியோக்களை நான் இன்னும் அழிக்கவில்லை. முதல் தாவலையும் மூன்றாவது தாவலையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பனங்கன்று இருக்கிறது. முதல் வீடியோவில் வரப்பின் தலை அந்தக் கன்றின் இரண்டாவது மட்டைக்கு நேராக இருக்கிறது. மூன்றாவதில், கீழ் மட்டைக்கு நேராக. நடுவில் நாங்கள் பதினான்கு பேர், ஒரே காலை.