சித்திரையில் கிளை கழிக்காதீர்கள்!

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அலாரமே தேவையில்லை. பொழுது விடியும் முன்பே வாசல் வேப்பமரத்தில் குயில் கூவ ஆரம்பித்துவிடும். கோலம் போட வந்தால், தண்ணீர் தெளிக்கும் முன்பே தரை முழுக்க வேப்பம்பூ. கொஞ்ச தூரத்தில் புங்கமரம் பொரி கொட்டின மாதிரி பூவை உதிர்த்திருக்கும். வசந்தம் என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போக வேண்டும் என்று நினைக்கிறோம். காரைக்கால் டவுனில், பஸ் இரைச்சலுக்கு நடுவிலேயே அது நம் வாசலுக்கு வந்து போகிறது.

இதன் அருமை, ஒரு தப்பு செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம். சருகும் பூவும் கூட்டிக் கூட்டி எனக்கு அலுத்துப் போயிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி அந்த மரம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து மனசில் ஒரு பயமும் உண்டு. "மழைக்கு முன்னால பார்த்துக்கலாமே" என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. ஆளைக் கூப்பிட்டுக் கிளைகளைக் கழிக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கிளை விழுந்தபோது அதோடு ஒரு காக்கைக் கூடும் விழுந்தது. சுள்ளியும் கம்பித் துண்டுமாய்க் கட்டிய கூடு. உள்ளே இருந்த முட்டைகள் எல்லாம் உடைந்துவிட்டன. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "இதுல சின்னதா இருக்கே, இது குயில் முட்டைம்மா" என்றார்.

குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும். கூவுவது ஆண் குயில், அது கறுப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் புள்ளியாய் இருக்கும். காக்கை கூடு கட்டும் காலமும் குயில் கூவும் காலமும் ஒன்றாக இருப்பது அதனால்தான். ஆக, ஒரே கிளையில் இரண்டு குடும்பத்தையும் கெடுத்துவிட்டேன்.

அன்று பூராவும் இரண்டு காக்கைகள் மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தன. தினமும் சாதம் வைத்து, "கா கா" என்று அவற்றைக் கூப்பிடுகிறவள் நான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ராத்திரி வரை என்னோடு பேசவில்லை. கத்திரி வெயிலில் நிழலில்லாமல் முன் அறை அடுப்பாய்க் கொதித்தது. அடுத்த வருஷப் பிறப்புக்குப் பச்சடி வைக்க, வேப்பம்பூவைக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன்!

மரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. நம்முடையது கடலோர ஊர். புயலுக்குப் பயப்படத்தான் வேண்டும். மின்கம்பியில் உரசும் கிளையை, மின்சார ஊழியர்களிடம் சொல்லி உடனே எடுக்கத்தான் வேண்டும். மற்றதற்கு மாதம் பார்க்கலாமே? நமக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். புரட்டாசியில் கழித்தால் காக்கைக் குஞ்சும் குயில் குஞ்சும் பறந்திருக்கும். கோடைக்கு நிழல் கிடைத்திருக்கும். புயலுக்கு முன் மரத்தின் பாரமும் குறைந்துவிடும். அப்போதும் வேறு பறவைகளின் கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

"பூ கொட்டிக் குப்பையாகிறது" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையாரை நினைத்து மாம்பழம் வீசுகிறோமே, அந்தப் பழமும் ஒரு காலத்தில் பூவாய் இருந்ததுதானே? வேப்பமரத்தடியில் பழைய புடவையை விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் வருஷத்துக்கு வேண்டிய ரசத்துக்குப் பூ சேர்ந்துவிடும்.

மரம் வைக்க இடமில்லாதவர்கள் மாடியில் ஒரு தொட்டிச் செம்பருத்தி வைத்தாலும் போதும். தேன்சிட்டு தேடி வரும். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் மைனாவும் வரும்.

எங்கள் மரம் மறுபடி தழைத்துவிட்டது. இந்தப் பங்குனியில் குயிலும் வந்துவிட்டது. என் மகள்தான் முதலில் கேட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாள். சகோதரிகளே, ஆளைக் கூப்பிடும் முன் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் நாலைந்து மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் வாடகை வீட்டில் இருந்தால்கூட, குழந்தை பெற்றவளை வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொல்வாரா?

- ஒரு வாசகி, காரைக்கால்.