வாடிவாசலும் கோயில் வாசலும்

2022 ஜனவரியில் கொரோனா கட்டுப்பாட்டால் வாரந்தோறும் வெள்ளி முதல் ஞாயிறு வரை கோயில்களுக்குள் பக்தர்களை விடவில்லை. அதே மாதம் 13-ஆம் தேதி நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறந்தது. "ஜல்லிக்கட்டில் வராத கொரோனா சாமி கும்பிட்டால் வருமா? கட்டுப்பாடு, சோதனை எல்லாமே நாடகம்" என்று ஆவுடையார்கோவில் டீக்கடையில் இன்றும் வாதாடுகிறார்கள்.

கேள்வி நியாயம், முடிவுதான் இடிக்கிறது. வாடிவாசல் சும்மா திறக்கவில்லை. இரண்டு தவணை ஊசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவு, பார்வையாளர் 150 பேருக்கு மேல் கூடாது என்று விதி இருந்தது. மீறியிருந்தால் குற்றம் மீறியவர்மேல். மூக்கில் விட்ட குச்சியின்மேல் அல்ல.

சாமியையும் யாரும் பட்டினி போடவில்லை. தடை பக்தர்களுக்குத்தான், பூசைக்கு இல்லை. ஆவுடையார்கோவில் ஆத்மநாதருக்குப் படைகல்லில் பரப்பும் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நிவேதனம்; அதற்குக் கூட்டம் எதற்கு?

அவர்களின் இன்னொரு வாதம்: சோதித்ததால்தான் தொற்று எண்ணிக்கை ஏறியதாம். 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சிலேயே காத்துக் கிடந்தவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கொடுத்தது சோதனையா?

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். விதியே வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.